பூனை அலர்ஜி உள்ள வீட்டில் எந்த ரகப் பூனை வளர்க்கலாம்?

வாசுகி, பெரம்பூர்

வணக்கம். விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம் என்று எழுதுகிறேன்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பூனை வேண்டும் என்று வெகு நாளாகக் கேட்கிறாள். அடம்பிடிக்கிற பிள்ளை இல்லை. எங்கள் மாடிப்படிக்குக் கீழே வரும் தெருப் பூனைக்குத் தினமும் சோறு வைப்பாள். அதற்கு உடம்பு சரியில்லாமல் போனபோது என்னையும் இழுத்துக்கொண்டு ஆட்டோவில் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிப் போனவள். பொறுப்பாக வளர்ப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிக்கல் என் உடம்புதான்.

திருச்சியில் என் நாத்தனார் வீட்டில் ஒரு பெர்சியன் இருக்கிறது. அங்கே போய் உட்கார்ந்து காபி குடித்து முடிப்பதற்குள் கண் அரிக்க ஆரம்பித்துவிடும். அப்புறம் தும்மல், மூக்கு ஒழுகல். பூனை உரசிவிட்டுப் போன கையில் சின்னச் சின்னதாகத் தடிப்பு. செட்ரிசின் போட்டால் அடங்கிவிடும். ஆனால் ராத்திரி தங்கினால் விடியற்காலையில் நெஞ்சு கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். சின்ன வயதில் எனக்கு வீசிங் இருந்தது. இப்போது பெரிதாக இல்லை, மழைக்காலத்தில் எப்போதாவது இன்ஹேலர் எடுப்பேன்.

இணையத்தில் ஒரு விளம்பரம் பார்த்தேன். சைபீரியன் குட்டி, அலர்ஜி வராத ரகம், 45,000 ரூபாய். போன் செய்து கேட்டால், "மேடம், ஆஸ்துமா இருக்கிறவங்களே வாங்கிட்டுப் போறாங்க, ஒண்ணும் ஆகாது" என்கிறார் விற்பவர். என் கணவரோ, அவ்வளவு பணம் கொடுப்பதென்றால் முடியே இல்லாத ஸ்பிங்ஸ் பூனையாகப் பார்த்து வாங்கிவிடலாமே, முடி இல்லையென்றால் அலர்ஜியும் இல்லைதானே என்கிறார்.

எங்களுடையது இரண்டு படுக்கையறை ஃபிளாட், மூன்றாவது மாடி. தரை மொசைக். ஒரு அறையில் மட்டும் ஏசி.

எந்த ரகம் எனக்கு ஒத்துவரும்? பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஆசையாகக் கொண்டுவந்த உயிரை அலர்ஜி என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கும் நிலைமை மட்டும் வரக்கூடாது. என் மகளால் அதைத் தாங்க முடியாது, அந்தப் பூனைக்கும் அது நியாயமில்லை.


கார்த்திக், மதுரை

அக்கா, பெர்சியன் மட்டும் வேண்டாம். எங்கள் வீட்டில் இருக்கிறது, சோபா, வேட்டி, தலையணை எங்கே பார்த்தாலும் முடிதான். அண்ணன் சொல்கிறபடி முடி இல்லாத ரகம் சரியாக வரும். இல்லாவிட்டால் டெவன் ரெக்ஸ் மாதிரி முடி குட்டையாகச் சுருண்டிருக்கும் ரகம். நம் பக்கம் கிடைப்பது கஷ்டம், பெங்களூரில் விசாரித்துப் பாருங்கள்.


சாந்தி, கோயம்புத்தூர்

வாசுகி, அந்த 45,000 ரூபாய் இப்போதைக்கு உங்களிடமே இருக்கட்டும். முன்பணம் எதுவும் அனுப்பிவிட வேண்டாம்.

நான் அலர்ஜி சிகிச்சைப் பிரிவு ஒன்றில் தோல் பரிசோதனை செய்யும் வேலையில் இருக்கிறேன். எனக்கே பூனை அலர்ஜி உண்டு. வீட்டில் இரண்டு பூனைகளும் உண்டு, இரண்டுமே நாட்டுப் பூனைகள். உங்கள் கேள்வி எனக்கு நெருக்கமானது என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் இந்த முடி விவகாரம். கார்த்திக் தம்பி சொன்னதைத்தான் பெரும்பாலானவர்கள் நம்புகிறார்கள். ஆனால் நம் உடம்பு எதிர்ப்பது முடியை அல்ல, ஃபெல் டி 1 என்ற ஒரு புரதத்தை. பூனையின் எச்சிலிலும் தோலிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகளிலும் அது சுரக்கிறது. பூனை நாள் முழுக்க உடம்பை நக்கிக்கொண்டே இருக்கிறது அல்லவா? அந்த எச்சில் முடியில் காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத பொடியாக உதிர்கிறது. அதில் மிக நுண்ணிய துகள்கள் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். துணியில் ஒட்டிக்கொண்டு வெளியேயும் போகும். வீட்டில் பூனையே இல்லாத குழந்தைக்கு வகுப்பறையில் மூக்கு ஒழுகினால், பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் சீருடைகூடக் காரணமாக இருக்கலாம்.

ஸ்பிங்ஸுக்கும் எச்சில் இருக்கிறது, எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. எண்ணெயை வாங்கிக்கொள்ள முடி இல்லாததால் தோலிலேயே பிசுபிசுவென்று தங்கிவிடும். அதனால்தான் அந்த ரகத்தை அடிக்கடி குளிப்பாட்டச் சொல்கிறார்கள். குளிப்பாட்டாமல் விட்டால் அந்தப் பிசுக்கு மெத்தை விரிப்பிலும் உங்கள் மடியிலும் ஏறும். முடி உதிராது என்பது வீடு பெருக்குகிறவருக்கு நல்ல செய்தி, அவ்வளவுதான்.

சைபீரியன், பாலினீஸ், ரஷ்யன் ப்ளூ: அலர்ஜி வராத ரகங்கள் என்று இணையத்தில் வரும் எந்தப் பட்டியலிலும் இந்தப் பெயர்கள் இருக்கும். ஃபெல் டி 1 சுரக்காத ரகம் என்று இதுவரை எதுவும் நிரூபிக்கப்படவில்லை. சில சைபீரியன்களுக்குக் குறைவாகச் சுரக்கலாம். அதே ரகத்தில் நிறையச் சுரக்கும் பூனையும் இருக்கும். ஒரு பூனைக்கும் இன்னொரு பூனைக்கும் இதில் பல மடங்கு வித்தியாசம் வரும். ஒரே பூனைக்கே காலத்துக்குக் காலம் மாறும். குப்பைத்தொட்டி ஓரம் நிற்கும் நாட்டுப் பூனை உங்களை ஒன்றும் செய்யாமல் போகலாம், சான்றிதழோடு வந்த சைபீரியன் உங்களைத் தூங்கவிடாமல் செய்யலாம். ரகத்தின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு உங்கள் மூக்கு என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இப்படிச் சொல்லி விற்பது புதிதும் அல்ல. 2006-ல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் அலர்ஜி தராத பூனை என்று அறிவித்து ஆயிரக்கணக்கான டாலர் விலை வைத்தது. மற்ற ஆராய்ச்சியாளர்கள் சரிபார்க்கும்படியான ஆதாரத்தை அது வெளியிடவே இல்லை. நேர்மையாக நடக்கும் ஆராய்ச்சியும் இருக்கிறது. வர்ஜீனியாவிலுள்ள இன்பயோ நிறுவனத்தினர், அந்தப் புரதத்துக்கான மரபணுவையே கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் வெட்டியெடுப்பது பற்றி 2022-ல் கட்டுரை வெளியிட்டார்கள். அது ஆய்வகத்தில் பூனையின் செல்களில் செய்து பார்த்தது. கடையில் வாங்கும் பூனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நம் ஊரில் இன்னொரு சிக்கல், அசல் சைபீரியன் கிடைப்பதே அரிது. நீளமான முடியும் ஓரளவு எடுப்பான மூக்கும் இருக்கிற பெர்சியன் கலப்புக் குட்டியைக் காட்டி வேறு பெயர் சொன்னால் நம்மால் கண்டுபிடிக்க முடியாது. தாய்ப் பூனையை நேரில் பார்க்க வேண்டும், வம்சாவளிச் சான்றிதழ் வேண்டும் என்று அந்த விற்பனையாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

சரி, அப்போது எதைப் பார்த்து முடிவெடுப்பது? பூனைக்கு முன்னால் உங்களைப் பார்க்க வேண்டும். தோல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எங்கள் பிரிவில் எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறேன். முன்கையை மேசைமேல் நீட்டி வைக்கச் சொல்லி, பேனாவால் சின்னக் கோடுகள் போட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சொட்டு வைப்போம். பூனை, நாய், தூசிப்பூச்சி, கரப்பான், பூஞ்சை, பார்த்தீனியம் என்று வரிசையாக. கூடவே ஒப்பிட்டுப் பார்க்க வெறும் உப்புநீர் ஒரு சொட்டு, யாருக்கும் தடிப்பு வரவைக்கும் ஹிஸ்டமின் ஒரு சொட்டு. சொட்டின் வழியாகவே ஊசிமுனையால் லேசாக ஒரு குத்து, ரத்தம் வராது. 15, 20 நிமிடத்தில் எது ஒத்துக்கொள்ளவில்லையோ அந்த இடம் கொசு கடித்த மாதிரி தடித்து எழும்பும். ஸ்கேல் வைத்து அளப்போம். உப்புநீர் வைத்த இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாக இருந்தால்தான் கணக்கில் எடுப்போம்.

பூனைதான் காரணம் என்று உறுதியாகச் சொல்லிக்கொண்டு வருகிற பலருக்குத் தூசிப்பூச்சியும் கரப்பானும் பெரிதாகத் தடித்து நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன். பூனை உரசிய இடத்தில் தடிக்கிறது என்கிறீர்கள், அதனால் உங்களுக்குப் பூனையும் இருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் கூடவே தூசிப்பூச்சியும் இருந்தால், மெத்தை, தலையணைக்கு உறை போட்டு அதைக் கட்டுப்படுத்தினாலே உடம்பின் பாரம் நன்றாகக் குறையும்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய விடியற்கால நெஞ்சு இறுக்கம். மூக்கு ஒழுகலோடு வாழ்ந்துவிடலாம், மூச்சுக்குழாயோடு விளையாடக் கூடாது. நெஞ்சு மருத்துவரைப் பார்த்து ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சுப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை என்று அவர் சொன்னால், எந்த ரகமாக இருந்தாலும் இப்போது பூனை வேண்டாம். இதை உங்கள் மகளிடமும் சொல்லுங்கள், உங்கள் எழுத்தைப் பார்த்தால் புரிந்துகொள்கிற பிள்ளையாகத்தான் தெரிகிறாள்.

மருத்துவர் சரி என்று சொன்னால், குட்டி வாங்காமல் வளர்ந்த பூனையாகப் பாருங்கள். குட்டியை மடியில் வைத்துப் பார்த்துவிட்டு ஒத்துக்கொள்கிறது என்று முடிவு செய்ய முடியாது. வளர வளர, அதுவும் கடுவனாக இருந்தால், சுரப்பு கூடும். கருத்தடை செய்யாத கடுவனுக்குத்தான் ஃபெல் டி 1 அதிகம். கருத்தடை செய்தால் குறையும். அதனால் கருத்தடை செய்த, வளர்ந்த பெண் பூனை என்பது நல்ல தொடக்கம்.

அந்தக் குறிப்பிட்ட பூனையோடு உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நிறையப் பூனைகள் இருக்கும் காப்பகத்துக்குப் போய் உட்கார்ந்தால் எந்தப் பூனையால் தும்மல் வந்தது என்றே தெரியாது. ஒன்றிரண்டு பூனைகளை மட்டும் வீட்டில் வைத்து ஃபாஸ்டர் செய்கிறவர்கள், அதாவது நிரந்தர வீடு கிடைக்கும்வரை தற்காலிகமாகப் பார்த்துக்கொள்கிறவர்கள், சென்னையில் இருக்கிறார்கள், விலங்குநல அமைப்பான ப்ளூ கிராஸிலும் விசாரிக்கலாம். ஒரு பூனை மட்டும் இருக்கும் வீடாகப் பார்த்துப் போய் உட்காருங்கள். கையில் உரசவிடுங்கள், நக்கினால் நக்கட்டும். கண்ணைத் தொடாமல் இருங்கள். கிளம்பும்போது அது படுத்த துண்டைக் கேட்டு வாங்கி வந்து, நீங்கள் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் போட்டு வையுங்கள். படுக்கையறைக்குக் கொண்டு போகாதீர்கள். இதிலெல்லாம் மூச்சு சரியாக இருந்தால், அந்தப் பூனையைச் சில வாரம் ஃபாஸ்டராக உங்கள் வீட்டில் வைத்துப் பாருங்கள். வீட்டில் அந்தப் புரதம் மெல்ல மெல்லத்தான் சேரும், ஒரு மணி நேரம் மடியில் வைத்துப் பார்ப்பது போதாது. ஃபாஸ்டர் என்று முன்பே பேசிக்கொண்டால், ஒத்துவராதபோது பூனை தனக்குத் தெரிந்த இடத்துக்கே திரும்பிப் போகும். நீங்கள் பயப்படுகிற அந்த நிலைமை வராது.

வீட்டைப் பொறுத்தவரை உங்களுக்கு மொசைக் தரை இருப்பது பெரிய உதவி. கம்பளம் எதுவும் விரிக்காதீர்கள். துடைப்பத்தால் பெருக்கினால் எல்லாம் மேலே கிளம்பும், ஈர மாப்பே போதும். உங்கள் படுக்கையறைக்குள் பூனை ஒருநாளும் நுழையக் கூடாது. இதில் மட்டும் இரக்கம் பார்க்காதீர்கள், இரவு முழுக்க நீங்கள் மூச்சு விடும் இடம் அது. முடிந்தால் அந்த அறையில் ஹெப்பா வடிகட்டி உள்ள ஏர் ப்யூரிஃபையர் வைக்கலாம். பூனையைச் சீவிவிடுவது, கழிவுத் தட்டைச் சுத்தம் செய்வது இரண்டும் மகளின் வேலை. மூன்றாவது மாடி என்பதால் பால்கனிக்கும் ஜன்னலுக்கும் வலை அடித்துவிட்டுத்தான் எந்தப் பூனையையும் உள்ளே கொண்டுவர வேண்டும்.


தர்ஷினி, ஸ்காபரோ

வணக்கம் வாசுகி அக்கா. நாங்கள் கனடாவில் இருக்கிறோம். எங்கள் வீட்டில் இருப்பது உண்மையான சைபீரியன் என்பதால் எழுதுகிறேன். அலர்ஜி எனக்கில்லை, இவருக்குத்தான்.

வாங்குவதற்கு முதல் ப்ரீடர் (ரகப் பூனைகளை இனவிருத்தி செய்து விற்பவர்) வீட்டுக்குப் போய் நிறைய நேரம் இருந்து கதைத்தோம். எங்களுக்குப் பிடித்த பூனையைத் தனி அறையில் இவரோடு விட்டுவிட்டார். இவர் அதை முகத்தோடு சேர்த்துப் பிடித்தும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு அதே வீட்டில் இன்னொரு சைபீரியன், பார்க்க இன்னும் வடிவானது, அதைத் தூக்கின கையோடு சரியான தும்மல், கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. இரண்டும் ஒரே ரகம், ஒரே வீடு, ஒரே சாப்பாடு. சாந்தி அக்கா சொல்வது எவ்வளவு சரி என்று நாங்கள் அன்றைக்கே பார்த்துவிட்டோம். ப்ரீடரும் ரகத்தைப் பற்றி உத்தரவாதம் எதுவும் தரவில்லை, இந்தப் பூனை உங்களுக்கு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள் என்றார்.

இன்னொன்று, சாப்பாடு. பியூரினா ப்ரோ பிளான் லைவ்கிளியர் என்று ஒரு உணவு 2020-ல் வந்தது. கோழி முட்டையிலிருந்து எடுத்த ஒரு பொருள் அதில் இருக்கிறது. பூனை சாப்பிடும்போது அது எச்சிலில் இருக்கும் ஃபெல் டி 1-ஐப் பிடித்துச் செயலிழக்கச் செய்கிறது. மூன்றாவது வாரத்திலிருந்து பூனையின் முடியில் சராசரியாக 47 சதவீதம் குறைவதாக நிறுவனத்தின் ஆய்வு சொல்கிறது. எங்கள் வீட்டில் வித்தியாசம் தெரிகிறது, ஆனால் இவர் மாத்திரையை முழுதாக விடவில்லை. இங்கே குளிர்காலத்தில் ஜன்னல் திறக்க ஏலாது, வீடு முழுக்கக் கார்பெட் வேறு. உங்களுக்குக் காற்றோட்டம் இருக்கிறது, அது பெரிய விஷயம்.


மலர்விழி, கால்நடை மருத்துவர், திருச்சி

சாந்தி எழுதியதோடு என் பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

பூனையை அடிக்கடி குளிப்பாட்டினால் சரியாகிவிடும் என்று உங்களிடம் சொல்வார்கள். குளிப்பாட்டியதும் குறைவது உண்மை, சில நாளிலேயே பழைய அளவுக்கு வந்துவிடும். அதற்காக வாரத்துக்கு இரண்டு முறை ஒரு பூனையைத் தண்ணீரில் போட்டு வதைக்க வேண்டாம். ஈரத் துணியால் துடைத்துவிடுவது போதும்.

கழிவுத் தட்டில் போடும் மணலைக் கவனியுங்கள். மலிவான பென்டோனைட் மணலைக் கொட்டும்போது எழும் தூசியே தும்மல் வரவைக்கும். பூனையால் வந்தது என்று அதைத் தப்பாக எடுத்துக்கொள்வார்கள். தூசி குறைந்தது எது என்று கேட்டு வாங்குங்கள், மரத்தூள் உருண்டை, மரவள்ளி மணல் எல்லாம் இப்போது கிடைக்கின்றன. கையில் வட்டமாக, ஓரம் சிவந்து அரித்தால் அது அலர்ஜி இல்லை, படர்தாமரை. பூனையிடமிருந்து தொற்றும். என்னிடம் வருகிற பெர்சியன் குட்டிகளில் அடிக்கடி பார்க்கிறேன். அதற்குச் செட்ரிசின் கேட்காது.

எந்தக் காரணத்துக்காகவும் பஞ்ச் ஃபேஸ் பெர்சியன் பக்கம் போக வேண்டாம். மூக்கு உள்ளே அமுங்கி, கண்ணில் நீர் வழிந்து, சித்திரை வெயிலில் மூச்சு வாங்கிக்கொண்டு என் மேசைக்கு வரும் பூனைகளைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

உங்கள் மகள் சோறு வைக்கும் பூனையையும் யோசித்துப் பாருங்கள். ஏற்கெனவே வளர்ந்த பூனை, உங்கள் மகளோடு பழகியது, உங்களால் தினமும் பக்கத்தில் போய்ப் பார்த்துக்கொள்ள முடியும். கருத்தடை, தடுப்பூசி, குடற்புழு நீக்கம் செய்துவிட்டு, காதுப் பூச்சி, தெள்ளுக்கும் மருந்து போட்டுவிட்டு முயலலாம். ஒன்று மட்டும், தெருவிலேயே வளர்ந்த சில பூனைகள் மூடிய கதவுக்குள் இருக்கச் சம்மதிக்காது. ராத்திரி முழுக்கக் கதவைப் பிராண்டினால் அதன் விருப்பப்படி விட்டுவிடுங்கள், கீழேயே சோறு வைக்கலாம்.


வாசுகி, பெரம்பூர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. மகளையும் உட்காரவைத்து முழுவதும் படித்துக் காட்டினேன். படுக்கையறைக்குப் பூனை வராது என்பதற்கு அவளே ஒத்துக்கொண்டாள். ஸ்பிங்ஸ் பேச்சை அவர் விட்டுவிட்டார்.

சைபீரியன்காரருக்குப் போன் செய்து தாய்ப் பூனையைப் பார்க்க வரலாமா என்று கேட்டேன். தாய் வேறு ஊரில் இருக்கிறது, குட்டியை வண்டியில் அனுப்பிவைக்கிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நெஞ்சு மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன், தோல் பரிசோதனையும் அங்கேயே செய்வார்களாம். சாந்தி அக்கா, ஒரே ஒரு சந்தேகம். நான் தூசி வேலை செய்கிற நாளில் எல்லாம் செட்ரிசின் போட்டுக்கொள்கிறேன். பரிசோதனைக்குப் போகும்போது அதை நிறுத்த வேண்டுமா? இன்ஹேலர்? அப்புறம், அலர்ஜிக்கே ஊசி போட்டுச் சரிசெய்வார்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், அது உண்மையா?


சாந்தி, கோயம்புத்தூர்

நல்ல முடிவு வாசுகி. தாயைக் காட்டாதவரிடம் குட்டி வாங்கவே கூடாது.

செட்ரிசின், லீவோசெட்ரிசின் மாதிரியான மாத்திரைகளைப் பொதுவாக 5 முதல் 7 நாளுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். போட்டுக்கொண்டு போனால் தடிப்பு எழும்பாது, எதுவும் இல்லை என்று தப்பாக முடிவு வந்துவிடும். அதைச் சரிபார்க்கத்தான் ஹிஸ்டமின் சொட்டு வைப்பது. அதுவே தடிக்கவில்லை என்றால் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி "என்ன மாத்திரை போட்டீர்கள்?" என்பதுதான். சளி, இருமலுக்குக் கடையில் வாங்கும் மருந்துகளிலும் இதே வகை கலந்திருக்கும், அதனால் வீட்டிலுள்ள அட்டைகளை எல்லாம் கையோடு எடுத்துப் போங்கள். இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். அது தோல் பரிசோதனையைக் கெடுக்காது. ஸ்பைரோமெட்ரிக்கு மட்டும் எத்தனை மணி நேரத்துக்கு முன் எடுக்கக் கூடாது என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். மூச்சு முட்டினால் எதையும் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள், பரிசோதனையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

ஊசி என்று பக்கத்து வீட்டில் சொன்னது இம்யூனோதெரபி. உண்மைதான். ஊசியாகவோ நாக்குக்கு அடியில் விடும் சொட்டாகவோ கொடுப்பார்கள். 3 முதல் 5 வருடம் விடாமல் எடுக்க வேண்டும், எல்லோருக்கும் ஒரே அளவு பலன் தராது. ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இருந்தால்தான் தொடங்குவார்கள். பூனை வாங்குவதற்காக மட்டும் அதில் இறங்க வேண்டாம், பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு மருத்துவரே சொல்லட்டும்.

மாத்திரை இல்லாமல் அத்தனை நாள் இருக்க முடியாது என்று தோன்றினால் ரத்தத்தில் பூனைக்கான ஐஜிஇ (அலர்ஜியில் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம்) பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்குச் செட்ரிசினை நிறுத்த வேண்டியதில்லை. செலவு கூடுதலாகும், முடிவு வர ஓரிரு நாள் ஆகலாம்.